கண்மாய்க்கரைக் கேள்விகள்: பங்குனியில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்?

பங்குனி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஆச்சி, எனக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் வசந்தகாலம் வந்ததும் காடெல்லாம் பறவை வந்து நிறைந்துவிடுகிறது. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வருகிறேன். நம் பக்கம் வலசைப் பறவைகள் வந்து இறங்குவதைப் பார்க்க எங்கே போகலாம்?
— கோட்டையூர் வாசகர்

வாருங்கள் தம்பி. ஆனால் நீங்கள் பார்க்கப்போவது வருகிற பறவையை அல்ல, கிளம்புகிற பறவையை. அந்த வீடியோக்காரர்கள் குளிர்நாட்டில் இருக்கிறார்கள். பனி உருகிப் பூச்சி பொட்டு நடமாட ஆரம்பித்ததும், தெற்கே போயிருந்த பறவைகள் அங்கே திரும்புகின்றன. நாம் இருப்பது அந்தத் தெற்கில். நமக்கு வரத்து புரட்டாசி, ஐப்பசியிலேயே ஆகிவிட்டது. மாசியில் மூட்டை கட்ட ஆரம்பித்தால் சித்திரை முடிவதற்குள் அநேகமாக எல்லாம் ஊரைக் காலி செய்துவிடும்.

வந்த நாளைக் குறித்து வைப்பது சுலபம். நேற்று இல்லாத குருவி இன்றைக்கு முருங்கையில் உட்கார்ந்திருந்தால் கண்ணில் படாமல் போகாது. போன நாள்தான் யாருக்கும் தெரிவதில்லை. கடைசியாகப் பார்த்த அன்று, அதுதான் கடைசி என்று யார் வந்து சொல்கிறார்கள்? வாரம் கழித்து, “காணோமே” என்று தோன்றும். பெட்டியடியில் வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாமல் விட்டால் ஐந்தொகை நேராகுமா? பறவைக் கணக்கை நாமெல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பங்குனியும் சித்திரையும் தினமும் ஒரே இடத்தில், கால் மணி நேரம் போதும், நோட்டோடு நில்லுங்கள். “இருக்கிறது” என்று அன்றாடம் எழுதினால்தான் இல்லாமல் போன தேதி கிடைக்கும். லீவில் வரும் உங்களால் முடியாதென்றால் நோட்டை உங்கள் ஆத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வாசல் தெளிக்க எழுந்திருப்பவர் எப்படியும் அவர்தானே.

நிற்கவேண்டிய இடம், வற்றிக்கொண்டிருக்கும் கண்மாய். நிறைந்த கண்மாய் பார்க்க அழகு, அவ்வளவுதான். நடுவில் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் சேறு, அதற்கப்பால் மாடு மேய்கிற பசும்புல், இப்படி ஒன்றைப் பிடியுங்கள். சேற்று விளிம்பில் வாலை ஆட்டிக்கொண்டு கொத்தித் திரியும் பொரி உள்ளான், இன்னும் சில வாரங்களில் வட ஐரோப்பாவிலோ சைபீரியாவிலோ ஒரு சதுப்பில் முட்டையிடக் கிளம்பும். மாட்டின் காலடியில் ஓடும் மஞ்சள் வாலாட்டியை மார்கழியில் பார்த்தவர்கள் இப்போது பார்த்தால் வேறு பறவை என்பார்கள். அப்போது வெளுத்துக் கிடந்தது, இப்போது வயிறு முழுக்க மஞ்சள். மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்பு ஏறி, வெள்ளை வயிறு சாம்பலாகிக் கொண்டிருக்கும். ஆலமரத்தில் கூட்டமாக இரையும் சூறைக்குருவிகளின் ரோஸ் நிறமும் இப்போதுதான் துலங்கும். அவை போய்ச் சேருமிடம் மத்திய ஆசியாவின் புல்வெளிகள். வெட்டுக்கிளி எங்கே பெருகுகிறதோ அங்கே கூடு கட்டும். இந்த மாப்பிள்ளைக் கோலத்தைப் பார்க்கத்தான் பங்குனி.

போகாத பறவையும் உடுப்பு மாற்றும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். நம் மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பாகும். உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் பொன்னிறமாகும். இரண்டும் எங்கும் போகவில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு சனிக்கிழமை பறவை பார்க்க அழைத்துப் போக ஆசை. எந்தப் பக்கம் போவது, என்னென்ன எடுத்துப்போவது?
— பள்ளத்தூர் ஆசிரியை

இருபது பேரும் ஒரே சமயத்தில் போனால் பார்ப்பது பறவையை அல்ல, முன்னால் போகிறவன் முதுகை. ஆறேழு பேராகப் பிரித்து வேறு வேறு சனிக்கிழமை போங்கள். நானும் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள்தான். பெற்றோர் கையெழுத்து, தலைமை ஆசிரியர் அனுமதி எல்லாம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்து எட்டரைக்கு வீட்டில் இருக்கவேண்டும். அதற்குமேல் செம்புறாங்கல் பூமி காலை வைக்கவிடாது. பறவையும் நிழலுக்குப் போய்விடும்.

வழி? நம் ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான். ஊருணியில் ஆரம்பியுங்கள். படித்துறைச் சுவரில் மீன்கொத்தி இருக்கும், பிள்ளைகளுக்குத் தெரிந்த பறவையாக முதலில் ஒன்று கிடைத்தால் தைரியம் வரும். அங்கிருந்து வரத்துக்காலை ஒட்டியே நடங்கள். மழைத்தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவர அந்தக் காலத்தில் வெட்டிவைத்த கால்வாய், பாதி ஊர்களில் தூர்ந்து கிடந்தாலும் இரண்டு பக்கமும் புதர் இருக்கும். அந்தப் புதருக்குள் நாக்கைச் சப்புக்கொட்டுகிற மாதிரி “டக், டக்” என்று சத்தம் கேட்டால் பிள்ளைகளை நிறுத்துங்கள். நாணல் கதிர்க்குருவி. பழுப்பு நிறம், பார்க்க ஒன்றுமில்லை, பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. அது கூடு கட்டும் நாடுகள் ரஷ்யா தாண்டிப் பின்லாந்து வரை இருக்கின்றன. பகலில் நம் புதரில் தின்று கொழுத்து, இரவில் பறந்து போகும். நட்சத்திரத்தையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை கண்டுபிடிக்கிறது. உலக வரைபடம் ஒன்றை மடித்து எடுத்துப்போய் அங்கேயே தரையில் விரித்துக் காட்டுங்கள். வகுப்பறையில் காட்டும்போது இல்லாத கவனம் இருக்கும்.

கடைசியாகக் கோயில்காடு. காசாவும் வீரையும் அடர்ந்த இடத்தில் மாங்குயில் இருக்கும், இலைக்கு மேலே பாருங்கள். வாலில் ரிப்பன் கட்டிய அரசவால் ஈபிடிப்பானும் இருக்கலாம். செருப்பைக் கழற்றவேண்டிய எல்லை எது என்று பூசாரியிடம் முதல் நாளே கேட்டுவையுங்கள். தைலமரக் காட்டுக்குள் அழைத்துப்போய் நேரத்தை வீணாக்காதீர்கள். வரிசையாக மரம் இருக்கும், காட்டுக்குரிய சத்தம் இருக்காது. பூச்சி இல்லாத இடத்தில் குருவிக்கு என்ன வேலை? வேண்டுமானால் அந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்காக ஐந்து நிமிடம் நிறுத்தலாம்.

கொண்டுபோகவேண்டியது தண்ணீர், நோட்டு, பென்சில். வெள்ளைச் சட்டை வேண்டாம். தின்பதற்குச் சீப்புச் சீடை கொடுத்துவிடாதீர்கள், கடிக்கிற சத்தத்திலேயே கண்மாய் காலியாகிவிடும். மாவுருண்டை கொடுங்கள். வாயும் கொஞ்ச நேரம் மூடியிருக்கும்.

சித்திரை விடுமுறையில் வேட்டங்குடி சரணாலயம் போகலாமா? சைபீரியப் பறவைகள் இருக்குமா?
— காரைக்குடி வாசகி

வேண்டாம். நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் அந்தச் சரணாலயம். 1977இல் அறிவித்தார்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து கண்மாய் பெருகினால் கார்த்திகையிலிருந்து மாசி வரை கருவேல மரமெல்லாம் கூடு. சித்திரையில் வெயில்தான் மிஞ்சும்.

சைபீரியாவை மட்டும் மறந்துவிடுங்கள் அம்மா. வேட்டங்குடியில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். தண்ணீர் இருக்கும் பக்கம் இடம் மாறுகின்றன. குளிர்நாட்டிலிருந்து வருகிற எதுவும் இங்கே முட்டையிடாது, அதன் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. தூரத்திலிருந்து வந்தால்தான் பறவைக்கு மதிப்பு என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் அந்த நாரைகளுக்காகத்தான் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் யாரும் சைபீரியாவா என்று விசாரித்துவிட்டுத் திரியைக் கீழே வைக்கவில்லை.

போன வாரம் விடிகாலையில் எங்கள் வளவு முற்றத்தில் ஒரு பறவை விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, வெண்ணெய் நிற மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை, குட்டை வால். உயிர் இருந்தது. தண்ணீர் ஊற்றினோம், குடிக்கவில்லை. மதியம் பறந்துவிட்டது. என்ன பறவை? வீட்டில் வைத்து வளர்த்திருக்கலாமா?
— தேவகோட்டை வாசகர்

ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சீழ்க்கை விடும். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பகல் முழுக்கச் சருகுக்குள் பூச்சி கிளறிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடும். இது குளிர்நாட்டுக்குப் போகிற ஜாதியில்லை. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலை என்று வடக்கே போய், தென்மேற்குப் பருவமழையோடு கூடு கட்டும். போக்கும் வரத்தும் இரவில்தான். களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்தில் திசை தப்பி, வீட்டுச் சுவரிலும் கண்ணாடியிலும் முட்டிக்கொள்வது ஆறுமணிக்குருவிக்கு அடிக்கடி நடக்கிறது. உங்கள் வீட்டு மச்சில் வண்ணக் கண்ணாடி ஜன்னலும், ராத்திரி முழுக்க எரிகிற பெரிய விளக்கும் இருக்குமென்று நினைக்கிறேன். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் அந்த விளக்கை மட்டும் அணைத்துவிடுங்களேன். திருடன் பயத்துக்கு முகப்பு விளக்கு போதும்.

இனி இப்படி விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சோறும் வேண்டாம். துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே வைத்து மூடி, இருட்டாக, சத்தமில்லாத அறையில் வையுங்கள். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கக்கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து, பூனை இல்லாத பக்கமாகப் புதரோரம் கொண்டுபோய்த் திறந்தால் தானே போகும். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளர்ப்பதா? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், வடக்கே போய்க்கொண்டிருந்ததைக் கூண்டில் போட உங்களுக்கே மனசு வராது. ஏதாவது செய்தே ஆகவேண்டுமென்றால் தோப்பில் சருகைக் கூட்டி எரிக்காமல் சித்திரை வரை விட்டுவையுங்கள். அதற்குச் சாப்பாடு அங்கேதான்.

பைனாகுலர் எது வாங்குவது?
— புதுவயல் வாசகர்

எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42). எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, நாற்பத்திரண்டு என்பது முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பெரிதாக்கும் எண் ஏற ஏறக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

எங்கள் வீட்டு முகப்பு உத்திரத்தடியில் தகைவிலான் குருவிகள் இறகும் வைக்கோலும் ஒட்டிக் கூடு வைத்திருக்கின்றன. வீட்டைப் பழுதுபார்க்க ஆள் வருகிறது. சித்திரையில்தான் வலசை போய்விடுமே, அதன்பிறகு கூட்டை எடுத்துவிடலாமா?
— கானாடுகாத்தான் வாசகர், வயது 71

அண்ணே, அது தகைவிலான் இல்லை. நாட்டு உழவாரன். சித்திரைக்கும் போகாது, ஐப்பசிக்கும் போகாது. கம்பியைப் பாருங்கள். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் தகைவிலான். உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது, அதன் கால் சுவரைப் பற்றித் தொங்குவதற்குத்தான் ஆகும். வெள்ளைப் பிட்டம், அரிவாள் இறக்கை, சாயங்காலம் முகப்புக்கு மேலே கீச்சென்று சுற்றும் கூட்டம், அதுதான் உங்கள் வீட்டுக் குடித்தனம். கம்பியில் உட்காரும் தகைவிலான் உங்கள் வீட்டில் கூடு கட்டவும் கட்டாது. அது இமயமலைக்கும் அதற்கு வடக்கேயும் போய்த்தான் கட்டும். கம்பி என்றைக்குக் காலியானது என்று தேதி போட்டு எனக்கு எழுதுங்கள்.

கூட்டுக்குள் முட்டையோ குஞ்சோ இருக்கும்வரை அந்த உத்திரத்தை விட்டு மற்ற வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சத்தம் அடங்கி, தாய்ப்பறவை இரை கொண்டுவருவதும் நின்றபிறகு கொத்தனார் ஏறட்டும். இரண்டு கட்டு, மூன்று கட்டு வீட்டில் அவருக்கு வேறு வேலையா இல்லை?

வயலோரம் செத்துக் கிடந்த ஒரு பறவையின் காலில் அலுமினிய வளையமும் நம்பரும் இருந்தன. கழற்றி வைத்திருக்கிறேன். யாருடையது?
— மகிபாலன்பட்டி விவசாயி

பத்திரமாக வையுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் கோடியக்கரை போன்ற இடங்களில் பறவையைப் பிடித்து வளையம் மாட்டி விடுவார்கள், அதில் ஒன்றாக இருக்கலாம். வேறு நாட்டு வளையமாகவும் இருக்கலாம். எழுத்தும் எண்ணும் முழுதாகத் தெரியும்படி படம் எடுத்து, கிடைத்த தேதி, இடத்தோடு அவர்களுக்கு அனுப்புங்கள். எங்கே, என்றைக்கு மாட்டியது என்று பதில் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள். உயிரோடு இருக்கும் பறவையில் கண்டால் மட்டும் வளையத்தைத் தொடவேண்டாம், நம்பரைப் படித்தாலே போதும்.

எங்கள் அப்பத்தா, குயில் சித்திரைக்குத்தான் வரும், மற்ற நாள் மலைநாட்டுக்குப் போய்விடும் என்கிறார். உண்மையா?
— குன்றக்குடி, ஒன்பதாம் வகுப்பு மாணவி

அப்பத்தா காதால் கணக்கு வைத்திருக்கிறார், நீ கண்ணால் வை. குயில் வருஷம் முழுக்க உங்கள் வேப்ப மரத்திலேயே இருக்கிறது கண்ணு. காக்கை கூடு கட்டும் சமயம் பார்த்து அதில் முட்டையிட வேண்டுமே, அதனால் பங்குனிக்குமேல் ஆண்குயில் வாயைத் திறக்கிறது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் சத்தமில்லாமல் பழம் தின்றுகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆலம்பழமோ அத்திப்பழமோ பழுத்திருக்கும் மரத்தடியில் நின்று பார். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பறவை ஒன்று இருந்தால் அது பெண்குயில். அப்பத்தாவையும் கையோடு கூட்டிப்போய்க் காட்டு.