குழந்தைகள் நுரையீரல் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது எப்படி?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். அமெரிக்காவில், நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ் பிராக்டிஷனராகி, ஆஸ்துமா உள்ள குழந்தைகளைக் கவனிக்க ஆசை. இங்கேயே எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போகலாமா?

பதில்: எம்.எஸ்சி.யில் கற்றது வீண்போகாது. ஆனால் நீங்கள் கேட்கும் வேலைக்கு அது மட்டும் போதாது. அங்கே குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் சான்றிதழ்த் தேர்வை எழுத, அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற முதுகலை அல்லது முனைவர் நிலைப் படிப்பை, நூற்றுக்கணக்கான மணி நேரம் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியோடு முடித்திருக்க வேண்டும். இரண்டு முதுகலைக்குச் செலவழிப்பதைவிட, அங்கே நர்ஸாகப் பதிவு பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வுக்கு இப்போதே தயாராவதுதான் நல்லது என்பேன். அதைச் சென்னையிலேயே எழுதலாம்.

முதலில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) பதிவு, அப்புறம் குழந்தைகள் பிரிவில் அனுபவம், பிறகு மேற்படிப்பு என்பது வழக்கமான வரிசை. இந்தியர்களுக்கு கிரீன் கார்டு கிடைக்கப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். இதைச் சொல்லாமல் ஆசை காட்டும் ஏஜென்ட்டிடம் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

மேற்படிப்பில் இரண்டு பிரிவுகள் உண்டு. கிளினிக்கில் ஆஸ்துமா குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பதுதான் விருப்பம் என்றால் பிரைமரி கேர். தொண்டையில் துளையிட்டு ட்யூப் வைத்த குழந்தைகள், வென்டிலேட்டர், ஐசியூ என்றால் அக்யூட் கேர்.

1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் டாக்டரும் இந்தப் பணிக்கான முதல் பயிற்சியைத் தொடங்கியதே குழந்தைகளுக்காகத்தான். இன்று நர்ஸ் பிராக்டிஷனர் பரிசோதிக்கிறார், நோயைக் கண்டறிகிறார், மருந்தும் எழுதுகிறார். அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டருடன் ஒப்பந்தம் வேண்டும். கொலராடோவில் அனுபவம் பெற்றவர் தனித்தே எழுதலாம்.

ஆனால் இந்தத் துறையில் நல்லவர் என்று பெயர் வாங்குவது மருந்து எழுதுவதால் அல்ல. இன்ஹேலர் கொடுத்தும் இருமல் நிற்கவில்லை என்று ஒரு தாய் வருகிறார். டோஸைக் கூட்டுவது சுலபம். அதற்கு முன், "வீட்டில் எப்படிக் கொடுக்கிறீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். குலுக்காமல் அழுத்துவார், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் இருக்காது, இருந்தாலும் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, இரண்டு பஃப்பை ஒரே மூச்சில் அடித்துவிடுவார். குழந்தை வீறிட்டு அழும்போது கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். இன்னும் சிலர் வீசிங் நின்றதும், பழகிவிடும் என்று பயந்து தினசரி ஸ்டீராய்டு பஃப்பையே நிறுத்தியிருப்பார்கள். அவர்களைத் திட்டக் கூடாது. அந்தப் பயத்தை உட்கார்ந்து கேட்டு விளக்குவதும் சிகிச்சைதான்.

ஆஸ்துமாவோடு முடிவதில்லை. குறைமாதத்தில் பிறந்து மாதக்கணக்கில் ஆக்சிஜனில் இருக்கும் குழந்தைகள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் பரம்பரை நோய்) உள்ள குழந்தைகள் என்று ஆண்டுக்கணக்கில் ஒரே குடும்பத்தோடு பயணிப்பீர்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு 2019இல் அங்கே அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை பல குழந்தைகளின் எதிர்காலத்தையே மாற்றியிருக்கிறது. 2023இல் அது இரண்டு வயதுக் குழந்தைகள் வரை வந்துவிட்டது.

எனவே மதுரையில் இருக்கும்போதே ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்யும் அறையில் சில வாரம் நிற்க அனுமதி கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு வீசிங் குழந்தையின் வீட்டாருக்கும் ஸ்பேசரைக் கையில் கொடுத்துச் செய்ய வையுங்கள். வீட்டில் யார் புகைக்கிறார்கள், இரவில் கொசுவத்திச் சுருள் எரிகிறதா என்றும் கேளுங்கள். கூடவே கல்லூரி மதிப்பெண் ஆவணங்களையும் நர்சிங் கவுன்சில் பதிவுச் சரிபார்ப்பையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். தேர்வுக்குப் படிப்பதைவிட இந்தத் தாள்களுக்கு அலைவதில்தான் பலருக்கு மாதங்கள் போகின்றன.