சேமலாப நிதியைத் தொடாதீர்கள், அம்மா

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து தாயொருவர் மகளை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்திருந்தார். உயர்தரத்தில் சித்திரம் எடுத்த பிள்ளை. கொழும்பு மாமா தனியார் கல்லூரியில் மென்பொருள் பட்டத்துக்கு இடம் பார்த்துவிட்டாராம். தந்தை ஓய்வுபெற்றபோது வந்த சேமலாப நிதியும் தாயின் நகையும் சேர்ந்தாலும் இரண்டு தவணைக்குமேல் காணாது. "சித்திரம் சோறு போடுமா?" என்று கேட்கிறாராம் மாமா.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்ப மாட்டேன். கவலைப்பட வேண்டியது அந்தப் பணத்தைப் பற்றித்தான். பிள்ளை கேட்காத படிப்புக்கு அதைக் கொட்டாதீர்கள். மாமா நல்லவர்தான், தவணை கட்டப்போவது அவரில்லை.

அவள் கைப்பேசியில் காட்டிய காணொளியைப் பார்த்தீர்களா? சாடியில் ஒரு தேயிலைக் கன்று. ஈரமண்ணுக்குள் செப்புக் கம்பி, மறுமுனை ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையில். இலையில் விரல் பட்டதும் மின்கொள்ளளவு, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் திறன், மாறுகிறது. பலகை அதை அளந்து ஒலிபெருக்கியில் மழையை வரவழைக்கிறது. நுனிவிரலால் தொட்டால் தூறல், கை நிறையப் பிடித்தால் பெருமழை. வயர் துண்டுகளோடு வீட்டை அலங்கோலமாக்குகிறாள் என்றீர்களே, அதற்குப் பெயர் ஊடாட்டக் கலை, பார்ப்பவர் தொட்டாலோ அசைந்தாலோ பதில் தரும் கலை. கிறிஸ்டா சோமரர், லோரன் மின்யோனோ என்ற இரு கலைஞர்கள் 1992இலேயே நிஜச் செடிகளைத் தொட்டால் திரையில் செடிகள் முளைக்கும்படி செய்தார்கள். 2012இல் லண்டன் பார்பிகன் கலை நிலையத்தில் வைக்கப்பட்ட 'மழை அறை'யில் ஆள் நிற்குமிடத்தில் மட்டும் மழை ஓய்ந்துவிடும். பார்க்க வரிசை கட்டி நின்றார்கள்.

மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே காட்சி, தொழில்நுட்பக் கலைகளில் பட்டம் படிக்கலாம். அரச நிறுவகம் என்பதால் கற்கைக் கட்டணம் கிடையாது. வருமானம் குறைந்த குடும்பம் மஹபொல புலமைப்பரிசிலுக்கோ உதவுதொகைக்கோ விண்ணப்பிக்கலாம். அனுமதிக்காக வைக்கும் உளச்சார்புப் பரீட்சைக்கு இப்போதிருந்தே தினமும் கோட்டுச் சித்திரம் பழகட்டும். மின்சுற்றையும் நிரலாக்கத்தையும் அவள் தானாகவும் படித்துக்கொள்ள வேண்டும். மாமா ஆசைப்பட்ட நிரலாக்கம் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது, செலவில்லாமல்!

பட்டம் வாங்கிய மறுமாதமே சம்பளம் வரும் என்று நான் வாக்குத் தரவில்லை. சித்திர ஆசிரியர் பணி ஒரு வழி. கண்டி ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம், ஹோர்ட்டன் சமவெளியின் பார்வையாளர் நிலையம் போன்ற இடங்களுக்கு இவள் செய்வது போன்ற காட்சிப்பொருள்கள் பொருந்தும். ஆனால் வேலையைத் தேடிப்போய் அவள்தான் கேட்க வேண்டியிருக்கும். கடனில்லாத பிள்ளைக்கு அப்படி அலைய அவகாசம் இருக்கும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை இந்த வாரமே வாங்கி, விண்ணப்ப முடிவுத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் என் இலக்கத்தை அவரிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன்.