எம்.ஜி.ஆர் தொகுதியும் 5000 ரூபாய் ரசீதும்

வணக்கம் ஐயா,

மூன்று தலைமுறையாக ஆலந்தூரில் இருக்கிறோம். 1967-ல் எம்.ஜி.ஆருக்கு ஓட்டுப் போட்டதை அப்பா கடைசிவரை பெருமையாகச் சொல்வார். போன மாதம் அவருடைய பழைய ஃபைலைப் புரட்டியபோது, பாதாளச் சாக்கடைக்காக நகராட்சிக்கு 5000 ரூபாய் கட்டிய ரசீது கிடைத்தது. பக்கத்தில் இருந்த என் மகள், "எம்.ஜி.ஆருக்கு அப்புறம் நம்ம எம்.எல்.ஏ யாரெல்லாம்?" என்று கேட்டாள். இரண்டு பெயருக்கு மேல் எனக்கு வரவில்லை. எப்பேர்ப்பட்ட தொகுதி, இன்று யாரும் கவனிக்காத புறநகராகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. உங்கள் கருத்து என்ன?

கே., ஆலந்தூர்

அன்புள்ள கே.,

உங்கள் அப்பாவின் பெருமை நியாயமானது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர் தன் ராமாவரம் தோட்டத்து வீட்டில் சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் போஸ்டராக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அன்றைக்கு ஆலந்தூர் அடங்கியிருந்த பரங்கிமலைத் தொகுதியில் படுக்கையில் இருந்தபடியே ஜெயித்தார். 1971-லும் அதே தொகுதியில் வென்றார். 1972-ல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோதும் சட்டமன்றத்தில் அவர் பரங்கிமலை உறுப்பினர்தான்.

ஆனால் முதல்வர் எம்.ஜி.ஆர் உங்கள் ஊர்க்காரர்களின் எம்.எல்.ஏ.வாக ஒருநாளும் இருந்ததில்லை. 1977-ல் அருப்புக்கோட்டை, 1980-ல் மதுரை மேற்கு, 1984-ல் ஆண்டிப்பட்டி என்று போய்விட்டார். 1977-லிருந்து பரங்கிமலை என்ற தொகுதியும் இல்லை. ஆலந்தூர் வந்துவிட்டது.

மகளுக்குச் சொல்ல, இந்த நூற்றாண்டில் 2021 தேர்தல் வரையிலான பெயர்களை மட்டும் தருகிறேன். 2001-ல் பா. வளர்மதி, 2006-ல் தா.மோ. அன்பரசன், 2011-ல் தே.மு.தி.க.வின் பண்ருட்டி ராமச்சந்திரன். அவர் 2013 டிசம்பரில் பதவி விலக, 2014 இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் வி.என்.பி. வெங்கட்ராமன் வந்தார். 2016-லும் 2021-லும் மறுபடி அன்பரசன். இவர்களில் வளர்மதியும் அன்பரசனும் அமைச்சர்களாக இருந்தவர்கள். யாரும் கவனிக்காத தொகுதி என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ரசீதுதான். சின்ன வயதில் நானும் புறநகரில் வாடகை வீட்டில் வளர்ந்தவன். செப்டிக் டேங்க் லாரி வரும் நாளில் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி வாசலுக்கு வந்துவிடும். அம்மா அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் கோலம் போட இடம் தேடுவாள். அப்படிப்பட்ட ஒரு ஊராக இருந்த ஆலந்தூரில், 1990-களின் இறுதியில், நகராட்சி வீடு வீடாகப் போய், "5000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள், பாதாளச் சாக்கடை வரும்" என்று கேட்டது. குழாய் ஒன்றுகூடப் பதிக்கவில்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் கேட்டார்கள். அன்றைக்கு 5000 என்பது பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம். குடியிருப்போர் நலச் சங்கங்கள் கூட்டம் போட்டன, சண்டை பிடித்தன, கடைசியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டின. மீதிக்குக் கடனும் அரசு உதவியும் திரட்டினார்கள். பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. இன்றும் நகர நிர்வாகம் படிப்பவர்கள் ஆலந்தூரை உதாரணமாகப் படிக்கிறார்கள். இதை முன்னின்று நடத்திய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி. அவர் 2014 இடைத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்றார். அதே தேர்தலில் ஆம் ஆத்மி சார்பில் நின்ற பத்திரிகையாளர் ஞாநியும் தோற்றார். கட்சி அலைக்கு முன்னால் சாக்கடை எடுபடவில்லை. எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

ஆக, ஆலந்தூருக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பெற்றது பெரும்பாலும் கோட்டையில் இல்லை, கூப்பிடு தூரத்தில் இருந்த நகராட்சி அலுவலகத்தில். 2011-ல் அந்த நகராட்சி சென்னை மாநகராட்சியின் 12-ஆம் மண்டலமாகக் கரைந்தது. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அந்த ஐந்து வருடத்துக்கும் மேலாக உங்கள் தெருவுக்குக் கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசல்தான். நீங்கள் வருத்தப்பட வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இன்றைய தொகுதி எல்லை 2001 கணக்கெடுப்பை வைத்து 2008-ல் போடப்பட்டது. சட்டமன்றத்தின் 234 இடங்கள் 1967-லிருந்து அப்படியே இருக்கின்றன. ஜனங்கள் அப்படியே இருப்பார்களா? கிராம ஊராட்சியாக இருந்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் எழுந்து, 2014 ஜூன் 28 அன்று இடிந்து, 61 பேர் செத்தார்கள். அதுவும் உங்கள் தொகுதிதான். வயல் இருந்த இடத்தில் மாடிகள் ஏறுவதை அந்தக் கோடுகள் அறியவே இல்லை. ஐ.டி. சாலையை ஒட்டிய சோழிங்கநல்லூரில் 2021-ல் வாக்காளர்கள் ஏறத்தாழ 6.9 லட்சம். துறைமுகம் தொகுதியில் 1.76 லட்சம். இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ. அதாவது சோழிங்கநல்லூர்க்காரருக்குச் சட்டமன்றத்தில் கால் குரல்தான். எந்த நட்சத்திரம் வந்து நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. எல்லையைத் திருத்தினால்தான் மாறும். அதைக் கேட்க வேண்டியவர்கள் புறநகர்க்காரர்கள். அடுத்த மறுவரையறையின்போது கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால் உங்கள் நலச் சங்கத்தோடு கட்டாயம் போங்கள்.

அந்த ரசீதை மடித்து உள்ளே வைத்துவிடாதீர்கள். மகளுக்கு எம்.ஜி.ஆர் கதையைச் சொல்லும்போது இதையும் காட்டுங்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், தேதி தெரிகிற மாதிரி.