கதீட்டரைத் திறந்த கை யாருடையது?

கேள்வி: என் மனைவிக்குச் சிறுகுடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டதால், மார்பில் பொருத்திய ஹிக்மன் கதீட்டர் (பெரிய சிரைக்குள் செல்லும் மெல்லிய குழாய்) வழியாக இரவுதோறும் வீட்டிலேயே டி.பி.என். (நேரடியாக ரத்தத்தில் செலுத்தும் திரவ உணவு) ஏற்றுகிறோம். இதற்காக அமர்த்திய நிறுவனத்தின் நர்ஸ் அடிக்கடி தாமதமாக வருவார். மேலாளரிடம் புகார் செய்தால் எடுத்தெறிந்து பேசுவார். நர்ஸ் வராத சில இரவுகளில் நானே பையை இணைத்தேன். சென்ற ஆண்டு ரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டு, மனைவியை ஐ.சி.யூ.வில் சேர்த்துக் கதீட்டரை அகற்றினார்கள். நிறுவனம் இப்போது ஒரு தொகை தருவதாகச் சொல்கிறது. வழக்குத் தொடரலாமா?
– வாசகர், மதுரை

பதில்: மேலாளரின் பேச்சும் நர்ஸின் தாமதமும் உங்களைப் புண்படுத்தியிருக்கும், அவற்றை வைத்து இழப்பீடு கிடைக்காது. காய்ச்சலுக்கு முந்தைய நாள்களில் கதீட்டரின் முனையைத் திறந்தவர் யார், எப்படிக் கையாண்டார் என்பதற்கு எழுத்துச் சான்று உள்ளதா என்பதே உங்கள் வழக்கு. முழுக் கவனத்துடன் பராமரித்தாலும் இத்தகைய கதீட்டரில் தொற்று வரக்கூடும் என்பதால், தொற்று வந்ததே அலட்சியத்துக்குச் சான்றாகாது. கிருமிநாசினியால் முனையைத் துடைக்காமல் இணைத்தார் என்பது போன்ற ஒரு குறிப்பிட்ட குறையை நீங்கள் நிரூபித்தாக வேண்டும். எல்லா மருத்துவ வழக்குகளிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், உங்கள் வழக்கு நிபுணர் இல்லாமல் நிற்காது. கதீட்டரிலிருந்தும் கைச் சிரையிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தின் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கை இருந்தால், தொற்று கதீட்டரில் தொடங்கியதா என்பதை நிபுணர் சொல்ல இயலும். யார் கையால் வந்தது என்பதை அதுவும் சொல்லாது.

நீங்களே இணைத்த அந்த இரவுகளை மனுவில் எழுத வேண்டாம் என்று உறவினர் எவரேனும் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படி மறைத்த கட்சிக்காரர்கள், "இன்னிக்கு வர முடியல சார், நீங்களே போட்டுடுங்க" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தியை எதிர்த்தரப்பு தாக்கல் செய்தவுடன், பிரமாண வாக்குமூலத்தின் நம்பகத்தன்மை முழுவதையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே செய்தியை நீங்கள் முதலில் தாக்கல் செய்தால், பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி பெற்ற ஆளை அனுப்பாத சேவைக் குறைபாட்டுக்கு அது சான்றாகும். இப்போதே அந்தக் கைபேசியைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆயினும் அந்த இரவுகள் இருக்கும்வரை வெற்றி உறுதியில்லை. நியாயமான தொகை என்றால் சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை. ஆனால் "இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். கதீட்டர் பொருத்தத்தக்க பெரிய சிரைகள் உடலில் சிலவே. தொற்றாலோ ரத்தக் கட்டாலோ ஒன்று அடைபட்டால், இந்த உணவையே நம்பி வாழ்பவருக்கு அது பேரிழப்பு. எந்தெந்தச் சிரைகள் இன்னும் திறந்துள்ளன என மருத்துவரிடம் எழுத்தில் பெற்று, அந்த எதிர்கால இழப்பையும் கணக்கிட்ட பிறகே தொகையைப் பேசுங்கள்.

பேச்சுவார்த்தை நடப்பதால் காலக்கெடு நின்றுவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு தரும் 2 ஆண்டுகள் முடியும் முன் பணம் கைக்கு வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.