படிக்க மட்டும் ஒரு கருவி

கேள்வி: பாட்டு, இன்டர்நெட், பேனா எதுவும் வேண்டாம். படிக்க மட்டும் ஒரு இ-ரீடர் நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்குமா? தமிழ்ப் புத்தகங்கள் நிறைய பி.டி.எஃப். ஆகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: புதியது அந்த விலைக்கு வராது, பழையது கிடைக்கும். முதலில் அந்த பி.டி.எஃப். விஷயத்தைப் பேசிவிடுவோம்.

ஸ்கேன் செய்த பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் திறந்து பாருங்கள். பக்கம் முழுசாகத் தெரியும், எழுத்து தெரியாது. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும். தள்ளி மீதியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்கு மறுபடி இந்தப் பக்கம் இழுக்க வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் திரை ஒருமுறை கறுத்து வெளுக்கும். பத்து வரியில் வெறுத்துப்போய்க் கருவியைத் திட்டுவீர்கள். பாவம், அதன்மேல் தப்பே இல்லை. ஈபப் (EPUB) என்ற மின்நூல் வடிவக் கோப்பாக இருந்தால் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடிந்துகொள்ளும்.

மதுரைத் திட்டத்தார் 1998-லேயே பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களை வைத்துத் தட்டச்சு செய்து இலவசமாகத் தர ஆரம்பித்துவிட்டார்கள். நம் பதிப்பாளர்களுக்கோ கோப்பு கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, இருந்தும் பலர் ஈபப் போடுவதில்லை. புத்தகக் காட்சியில் வருஷா வருஷம் கேட்கிறேன், "திருடிடுவாங்க சார்" என்பார்கள். போடாத புத்தகங்கள்தானே ஸ்கேனாகி டெலிகிராமில் சுற்றுகின்றன? காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிற வாசகனை இவர்களே அங்கே அனுப்பி வைக்கிறார்கள்.

அரசும் சளைத்ததல்ல. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதே புத்தகம் மின்நூலானால் 5 சதவீதம். அச்சிலேயே வராத மின்நூல் என்றால் 18. 2018-ல் குறைத்த பிறகும் இதுதான் நிலைமை. படிக்கிறவன் ஒருவன்தானே, இது என்ன நியாயம்?

சரி, கருவிக்கு வருவோம். நீங்கள் கேட்பதைப் போன்ற ஒன்றை அமேசான் 2011-ல் விற்றது. தொடுதிரை இல்லாத, விளக்கு இல்லாத கிண்டில், 170 கிராம், பக்கம் புரட்ட இரண்டு ஓரத்திலும் பட்டன். காகிதம்போல் தெரியும் அந்த இ-இங்க் திரைக்குப் பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும் என்பதால் சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். பீச் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகைக் கட்டைவிரலால் புரட்டலாம். அந்த உடம்பில் தமிழை ஒழுங்காகக் காட்டும் மென்பொருளைப் போட்டுத் தொடர்ந்து விற்றிருந்தால் நீங்கள் இந்தக் கடிதமே எழுதியிருக்க வேண்டாம்.

பழையது வாங்கும்போது அந்தக் கருவி திறக்கும் வடிவத்தில் ஒரு தமிழ் மின்நூலைக் கையோடு கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். 'கெ', 'கே' எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் தள்ளியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். விற்கிறவர் கருவியில் இருக்கும் தன் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கிவிட்டு, உங்கள் கணக்கு அதில் ஏறிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.