பிறக்காத சுண்டெலிக் குட்டிகள் எங்கே போயின?

கேள்வி: ஒரு மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான சுண்டெலிகளை இணைசேர்த்தோம். பிறந்த 24 குட்டிகளில் இரு பிரதியும் பழுதானது ஒன்றுகூட இல்லை. கருவிலேயே இறந்துவிட்டன என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நாலில் ஒன்று வர வேண்டியது 24-லும் தற்செயலாக வராமல் போக ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். ஆகவே இழப்பு உண்மை. ஆனால் பிறந்தவுடன் இறந்த குட்டியைத் தாய் தின்றுவிடும். முதலில், பிறப்புக்குச் சற்று முந்தைய 18.5-ஆம் நாள் கருக்களைப் பாருங்கள். பெண் எலியின் பிறப்புறுப்பில், இணைசேர்ந்ததற்கு அடையாளமான விந்தடைப்பு (உறைந்த விந்து) தெரியும் காலையை 0.5 என்று கணக்கிட வேண்டும்.

அங்கும் இல்லையென்றால் 9.5, பிறகு 7.5 என்று பின்னோக்கிப் போங்கள். கருப்பையில் காலியான, கரைந்துகொண்டிருக்கும் முடிச்சுகள் ஏறத்தாழ கால் பங்கு இருந்தால், கரு பதிந்தபின் இறந்திருக்கிறது. முடிச்சே குறைவென்றால் பதியுமுன்பே போயிருக்கலாம். 3.5-ஆம் நாளில் கருப்பையை ஊடகத்தால் (கரு வளர்ப்புத் திரவம்) அலசி பிளாஸ்டோசிஸ்ட்டுகளை, அதாவது கருப்பையில் பதியுமுன் உள்ள குழியுடைய கருக்களை, எடுங்கள்.

இங்கே கண்ணை நம்பாதீர்கள். ஆக்ட்4 என்ற மரபணு இல்லாத பிளாஸ்டோசிஸ்ட் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். உடலாக வளர வேண்டிய உட்செல் திரளோ தன் இயல்பை இழந்திருக்கும். தட்டில் சில நாள் வளர்த்தால் குட்டு வெளிப்படும்: உள்திரள் வளராது, நஞ்சுக்கொடிக்கான ட்ரோஃபோபிளாஸ்ட் ராட்சதச் செல்களே பரவும். சிடிஎக்ஸ்2 என்ற மரபணு இல்லையேல் உட்குழி உருவாகி, பின் சரிந்துவிடும், கரு பதியாது. டீட்4 என்ற மரபணு இல்லையேல் குழியே உருவாகாது. மூன்றும் பிறப்புக் கணக்கில் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் நாளைக் கண்டறியச் சொல்கிறோம்.

பலர் சறுக்குவது பிசிஆரில், அதாவது டி.என்.ஏ.வைப் பெருக்கி எந்தப் பிரதி உள்ளது என்று காணும் சோதனையில். கருவைச் சூழும் தாயின் கருப்பைத் திசுவான டெசிடுவா துளி ஒட்டியிருந்தாலும் பழுதான கரு நல்ல பிரதியும் உள்ளதுபோல் காட்டும். 7.5-ஆம் நாள் கருவைச் சுற்றிய திசுவை நுண்ணிடுக்கியால் முழுதும் உரித்து, புதிய ஊடகத்தில் பலமுறை கழுவுங்கள். பிளாஸ்டோசிஸ்ட் என்றால் ஒவ்வொன்றையும் தனிக் குழாயில் போடுங்கள். கரு போடாத கழுவுநீரையும் ஒரு குழாயில் வைத்து ஓட்டுங்கள். அதில் டி.என்.ஏ. பட்டை வந்தால் அன்றைய முடிவு எதையும் ஏற்காதீர்கள்.

கேள்வி: அவசியமான ஒரு மரபணு இல்லாத கரு மூன்று நாள் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பதில்: முட்டையில் தாய் சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ.வும் புரதமும்தான் காரணம். சுண்டெலிக் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்கத் தொடங்குவது இருசெல் நிலையில். தாயின் ஆர்.என்.ஏ. அதற்குள் பெரும்பாலும் சிதைந்தாலும் சில புரதங்கள் நீடிக்கும். அந்தச் சேமிப்பையும் நீக்க, இசட்பி3-க்ரீ எலியைக் (முட்டையில் மட்டும் டி.என்.ஏ.வை வெட்டும் க்ரீ நொதியை உண்டாக்கும் எலி) கொண்டு வளரும் முட்டையிலேயே மரபணுவை வெட்டிவிடுங்கள். அப்போது பாதிப்பு முன்கூட்டியே தெரிகிறதா என்று பார்க்கலாம்.