எக்ஸ்ரே நார்மல்தான், ஆனால் இரண்டு கையும் மரத்ததே!

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறோம். 11 வயது மகன் ஃபுட்பால் ஆடும்போது தலைகுப்புற விழுந்து கழுத்தில் அடிபட்டான். உடனே இரண்டு கையும் மரத்து, எரிச்சலாக இருந்ததாம். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. எக்ஸ்ரே நார்மல். எட்டு நாளாக ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறான். கழுத்தைத் திருப்பினால் சொடக்குச் சத்தம் வருகிறது, ஸ்கூல் பையும் கனம். மெடிக்கலில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கித் தருகிறேன். சுளுக்கு எடுக்கலாமா? ஞாயிறு மேட்ச் இருக்கிறது. யூடியூபில் பார்த்ததிலிருந்து, கை கால் விழுந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: ஞாயிறு மேட்ச் வேண்டாம் அம்மா. சுளுக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

சொடக்குச் சத்தத்தை விடுங்கள், வலியில்லாமல் வந்தால் அதில் ஒன்றுமில்லை. பையின் கனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரையை நிறுத்துங்கள். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் அடிபட்டிருந்தால், அதற்குச் சத்து மாத்திரை எதுவும் செய்யாது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய பத்து நிமிடம்தான் எனக்கு முக்கியம். விழுந்ததும் ஒரு கை மட்டும் மின்சாரம் பாய்ந்ததுபோல் எரிந்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்து நரம்பு இழுபட்டிருக்கும். இரண்டு கையும் சேர்ந்து மரத்தாலோ, கால் தளர்ந்தாலோ, இல்லை என்று நிரூபணமாகும்வரை அதைத் தண்டுவட அடியாகத்தான் பார்க்க வேண்டும். அறிகுறி போய்விட்டது என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அது எலும்பைத்தான் காட்டும். பிள்ளைகளின் முதுகெலும்புத் தொடர் இளசு, தசைநாரும் தளர்வு. அடிபடும்போது எலும்புகள் நகர்ந்து, உடையாமல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உள்ளே இருக்கும் தண்டுவடத்துக்கு அந்த அளவு வளைந்து கொடுக்கத் தெரியாது, நசுங்கிவிடும். எக்ஸ்ரேயில் தெரியாத இந்தத் தண்டுவடக் காயத்துக்கு 1982-லேயே மருத்துவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். இதற்கு எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். இந்த வகைக் காயத்தில் சில பிள்ளைகளுக்குக் கை கால் பலவீனம் தாமதமாக வருவது உண்மைதான். சில மணி நேரத்தில் வரும், சிலருக்கு மூன்று நான்கு நாள்கூட ஆகும். உங்கள் பையன் அதைத் தாண்டிவிட்டான். அவன் இனி தானாகப் படுத்துவிடுவான் என்று நினைத்து ராத்திரி விழித்திருக்க வேண்டாம். நான் பயப்படுவது இரண்டாவது அடிக்கு. முதல் அடியில் தளர்ந்த கழுத்து மறுபடி மடங்கினால், அது பத்து நிமிடத்தில் சரியாகாமல் போகலாம். காயம் உறுதியானால் கழுத்துப் பட்டை 12 வாரம் வரை போட வேண்டியிருக்கும், விளையாட்டு ஆறு மாதம்கூடத் தள்ளிப்போகலாம். பையன் அழுவான், அழட்டும்.

எம்.ஆர்.ஐ. பார்க்கும்வரை அவன் சட்டைப் பொத்தானை அவனே போடட்டும், பார்த்துக்கொண்டிருங்கள். சாதத்தைப் பிசைந்து எடுக்கும்போது விரல் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, மூத்திரம் வராமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். நேராகப் படுக்க வைத்து, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒன்றுமே தெரியாவிட்டாலும் நாளைக் காலையே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். அங்கே ‘கழுத்து வலி’ என்று சொல்லி நிற்காதீர்கள். ‘விழுந்ததும் இரண்டு கையும் மரத்தது’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.